கடைசிப் பத்து நாளை முதலில் வாங்குங்கள்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைத்தான் பேசுகின்றன: கையில் இருக்கும் கொஞ்சப் பணத்துக்குள் வீட்டில் எல்லோருக்கும் எப்படிச் சோறு போடுவது? மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்துவிட்டு, இதற்கு மட்டுமே இடம் கொடுக்கிறேன். மருத்துவமனைச் சமையலறை ஒன்றில் 26 ஆண்டுகள் சாமான் அளந்து கொடுக்கும் வேலை பார்த்தவள் நான். அதற்கு நடுவில் என் கணவர் வேலை பார்த்த ஆலை மூடப்பட்டது. 14 மாதங்கள் என் ஒருத்தி சம்பளத்தில் ஐந்து பேர் சாப்பிட்டோம். கீழே எழுதியிருப்பதில் பாதி அந்தச் சமையலறையில் கற்றது. மீதி அந்த 14 மாதங்களில் கற்றது.

கேள்வி: அம்மா, நானும் கணவரும் இரண்டு பிள்ளைகளும். சம்பளம் வந்ததும் பட்டியல் போட்டுத்தான் வாங்குகிறேன். ஆனாலும் 20-ஆம் தேதிக்கு மேல் டப்பாக்கள் காலி. கடைசிப் பத்து நாளும் கடன்தான். வருமானத்தில் பாதிக்கு மேல் அடுப்படிக்கே போகிறது, நீ செலவாளி என்று கணவர் சொல்கிறார். எங்கே தவறு செய்கிறேன்?

பதில்: முதலில் அந்தச் ‘செலவாளி’ என்ற சொல்லை உங்கள் தலையிலிருந்து இறக்கி வையுங்கள், தங்கையே. வருமானம் குறையக் குறைய, அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும். எர்ன்ஸ்ட் ஏங்கல் என்ற ஜெர்மன் புள்ளியியலாளர் குடும்பங்களின் வரவு செலவைப் பார்த்து 1857-லேயே இதை எழுதிவிட்டார். பணக்காரர் வீட்டில் அடுப்படிச் செலவின் பங்கு சிறியதாகத் தெரிவதற்குக் காரணம் அவர்களுடைய சிக்கனம் அல்ல, வருமானத்தின் அளவு. வயிற்றின் அளவு எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். இதை உங்கள் கணவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இனி உங்கள் பட்டியலுக்கு வருகிறேன். பட்டியல் போடுவது நல்லது. ஆனால் நாம் எல்லோரும் பட்டியலை 1-ஆம் தேதியிலிருந்து எழுதத் தொடங்குகிறோம். கையில் பணம் இருக்கும் நாளில் மனமும் தாராளமாக இருக்கிறது. முதல் வாரத்தில் காய் இரண்டு வகை, பருப்பு கெட்டியாக, எண்ணெய் கை நிறைய. 20-ஆம் தேதி அந்தத் தாராளத்துக்கு வட்டி கட்டுகிறோம். நானும் இப்படித்தான் முதல் மூன்று மாதங்களைத் தொலைத்தேன். நான்காவது மாதம் தலைகீழாக மாற்றினேன். சம்பளம் கைக்கு வந்த அன்றே, மாதத்தின் கடைசிப் பத்து நாளுக்கான சாமானை முதலில் வாங்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு மிச்சமிருந்த பணத்தில்தான் முதல் இருபது நாளைத் திட்டமிட்டேன்.

எவ்வளவு வாங்குவது என்பதை ஊகிக்காதீர்கள். ஒரு வாரம், அடுப்பில் ஏறும் ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். தராசு இல்லையென்றால் ஒரே டம்ளரை வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் ஐந்து பேருக்கு நாளொன்றுக்கு அரிசியும் கோதுமை மாவும் சேர்ந்து 1.4 கிலோ, பருப்பும் பயறும் 250 கிராம், எண்ணெய் 75 மில்லி என்று வந்தது. பத்தால் பெருக்கினால் 14 கிலோ, இரண்டரை கிலோ, 750 மில்லி. உப்பு, மஞ்சள், மிளகாய் எல்லாம் சிறு பொட்டலங்களாகச் சேர்த்து, ஒரு பெரிய தகரப் பெட்டிக்குள் வைத்து மூடி, மேலே ‘21’ என்று எழுதி ஒட்டினேன். அந்தப் பெட்டியைச் சமையலறையில் வைக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். கண்ணில் பட்டால் கை போகும்.

காய், பால், முட்டை போன்றவற்றை அப்படி மூடி வைக்க முடியாது. அவற்றுக்கான பணத்தை மூன்று உறைகளில் போட்டேன். பத்து நாளுக்கு ஓர் உறை. ஓர் உறையிலிருந்து அடுத்த உறைக்குக் கை நீளக்கூடாது என்பது மட்டும்தான் சட்டம்.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இப்படிச் செய்யும் முதல் மாதம் கடினமாக இருக்கும். போன மாதத்துக் கடனையும் அடைத்துக்கொண்டு கடைசிப் பத்து நாளையும் முன்கூட்டி வாங்கப் பணம் போதாது. ஆகவே முதல் மாதம் மூன்று நாளுக்கு மட்டும் பெட்டி கட்டுங்கள். அடுத்த மாதம் ஐந்து, பிறகு ஏழு. எனக்குப் பத்து நாளை எட்ட நான்கு மாதங்கள் ஆயின. பெட்டி முழுதாக நிரம்பிய மாதத்தில், 21-ஆம் தேதி காலை அதைத் திறந்தபோது வந்த நிம்மதியை இன்றும் என்னால் சொல்லால் விவரிக்க முடியவில்லை.

கேள்வி: கிலோ விலை எது குறைவோ அதைத்தான் வாங்குகிறேன். இது சரியான வழிதானே?

பதில்: பாதிதான் சரி. கடைத் தராசில் நிற்கும் எடை வேறு, தட்டில் விழும் எடை வேறு. பச்சைப் பட்டாணியைத் தோலோடு ஒரு கிலோ வாங்கினால் உரித்த மணி அரைக் கிலோகூட வராது. காலிஃபிளவரில் தண்டும் இலையும் போக மிஞ்சுவதைப் பாருங்கள். முட்டைக்கோஸிலும் கேரட்டிலும் கழிவு மிகக் குறைவு. மருத்துவமனையில் நாங்கள் எந்தக் காயையும் வந்த எடை, நறுக்கிய எடை என்று இரண்டு கட்டத்தில் எழுதுவோம். விலையை இரண்டாவது எடையால் வகுத்தால் உண்மை விலை தெரியும். வீட்டில் ஒருமுறை செய்து பார்த்தால் போதும், பிறகு கண்ணே சொல்லிவிடும்.

தண்ணீரின் எடைக்கும் பணம் கொடுக்கிறோம் என்பதையும் நினைவில் வையுங்கள். உலர்ந்த கொண்டைக்கடலை ஒரு கிலோ, ஊறி வெந்தால் இரண்டு கிலோவுக்கு மேல் ஆகும். டப்பாவில் வேகவைத்து அடைத்து விற்பதில், 400 கிராம் டப்பாவை வடிகட்டினால் கடலை ஏறக்குறைய 240 கிராம்தான். மீதி தண்ணீர். ஊறவைக்க நேரமும் அடுப்பும் இருப்பவர்களுக்கு உலர்ந்த பயறைவிடச் சிக்கனமான உணவு அரிது.

புரதத்துக்கு இப்படிக் கணக்குப் போடுங்கள். உலர்ந்த பருப்பு 100 கிராமில் ஏறக்குறைய 24 கிராம் புரதம். ஒரு முட்டையில் 6 கிராம் அளவுக்கு. பால் 100 மில்லியில் 3 கிராமுக்குச் சற்று மேல். உங்கள் கடை விலையை இந்த எண்களால் வகுத்துப் பாருங்கள். பருவத்துக்குப் பருவம் முதலிடம் மாறும். முட்டை விலை இறங்கும் வாரங்களில் முட்டை வாங்குங்கள், ஏறும் வாரங்களில் பருப்புக்குத் திரும்புங்கள். புரதத்தை உண்டாக்கும் அமினோ அமிலங்களில், தானியத்தில் லைசின் குறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. ஆகவே தானியமும் பருப்பும் ஒரே நாளில் தட்டில் இருந்தால், இறைச்சி இல்லாத வாரத்தை எண்ணிப் பயப்பட வேண்டாம்.

பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. எலுமிச்சைச் சாறு சில துளிகள், அல்லது ஒரு தக்காளி, அல்லது கொஞ்சம் பச்சை முட்டைக்கோஸ் கூட இருந்தால், அதிலுள்ள வைட்டமின் சி உதவும். சாப்பாட்டோடு டீ குடித்தால் அதே இரும்புச்சத்து தடைபடும். டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் சத்து இது.

எண்ணெயைப் பற்றிப் பலரும் தவறாக நினைக்கிறார்கள். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி, ஒரு கிராம் மாவில் சுமார் நாலுதான். உடம்பு வற்றிப்போன வீட்டில், அதிலும் சிறு பிள்ளைகளுக்கு, எண்ணெயை ஒட்டக் குறைப்பது சேமிப்பு ஆகாது. பொரித்துவிட்டுக் கொட்டுவதை நிறுத்துங்கள். தாளிக்கும் ஒரு கரண்டியை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: நான் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறேன். வாரக் கூலி. ஒரே ஓர் அடுப்பு, ஃபிரிட்ஜ் கிடையாது. வெளியில் சாப்பிட்டே கூலி கரைகிறது. மொத்தமாகச் சமைத்து வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது எப்படி முடியும்?

பதில்: உங்களுக்கு அது முடியாது, தம்பி. முயலவும் வேண்டாம். ஃபிரிட்ஜ் உள்ளவர்கள் சொல்லும் அறிவுரை அது. வெந்த சோற்றில் உயிர் பிழைத்துக் கிடக்கும் ஒரு வகை நுண்ணுயிரின் வித்துகள், வெதுவெதுப்பான அறையில் முளைத்து நஞ்சு சுரக்கும். மறுபடி சூடாக்கினால் அந்த நஞ்சு போகாது. சமைத்த சோற்றை இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே வெளியில் வைத்துச் சாப்பிடாதீர்கள். ஒரு நாள் வயிற்றுப்போக்கு வந்தால் போவது ஒரு நாள் கூலி. வாரக் கூலிக்காரருக்கு அதைவிட விலை உயர்ந்த உணவு இல்லை.

நீங்கள் சேமிக்க வேண்டியது எரிபொருளையும் நேரத்தையும்தான். உங்கள் அறையில் கெடாமல் இருப்பவை அரிசி, மாவு, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு, நிலக்கடலை, சில நாட்களுக்கு முட்டை. இவற்றைக் கூலி வாங்கிய அன்றே ஏழு நாளுக்கு எண்ணி வாங்கிவிடுங்கள். பச்சைக் காய் இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு வேளைக்கு ஒரு கை அளவு. வேலைக்குக் கிளம்பும்போது பயறை ஊறப்போட்டால், திரும்பி வரும்போது அது பாதி வெந்ததற்குச் சமம். அறை மிகவும் சூடாக இருக்கும் மாதங்களில் ஊறும் தண்ணீர் புளித்துவிடும். அப்போது பகலில் வேண்டாம், இரவில் ஊறவைத்துக் காலையில் வேகவையுங்கள். மூடி போட்டு வேகவையுங்கள். முடிந்தால் பழைய சிறு பிரஷர் குக்கர் ஒன்று வாங்குங்கள். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டாது. குக்கருக்குள் 120 டிகிரி வரை போகும். கேஸ்கட்டும் வால்வும் சரியாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அந்தச் செலவை எரிபொருளில் சில மாதங்களுக்குள் எடுத்துவிடலாம்.

ராஜ்மா எனும் சிவப்பு பீன்ஸ் விதையை வாங்கினால் மட்டும் கவனம் வேண்டும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குறைந்தது பத்து நிமிடமாவது கொதிகொதிக்க வேகவைக்க வேண்டும். அதில் இயல்பாகவே ஒரு நஞ்சு உண்டு. மெல்லிய சூட்டில் அரைகுறையாக வெந்தால் வாந்தி வரும்.

பகல் உணவைக் கையில் கொண்டுபோவதானால் சோற்றைவிட, மாவில் சுட்ட உலர்ந்த ரொட்டியும் வறுத்த கடலையும் அன்று காலை அவித்துத் தோல் உரிக்காத முட்டையும் நல்லது. வெளியில் சாப்பிடுவதை அடியோடு நிறுத்த வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பு அடித்துப் போட்ட நாளில் அடுப்பு பற்றவைக்கக் கை வராது என்பது எனக்குத் தெரியும்.

கேள்வி: மூட்டையாக வாங்கினால் மலிவு என்கிறார்கள். தள்ளுபடியில் வைத்திருப்பதை வாங்கலாமா?

பதில்: கெட்டுப்போவதற்குள் தின்று முடிக்க முடியுமானால் மூட்டை மலிவு, வண்டு தின்றால் இல்லை. பெரிய பாக்கெட் எப்போதுமே மலிவு என்றும் நம்பாதீர்கள். 100 கிராமுக்கு எவ்வளவு என்று வகுத்துப் பாருங்கள், சில வேளை சிறியதே மலிவாக இருக்கும். நம்பகமான அண்டை வீட்டார் இருவர் இருந்தால் ஒரு மூட்டையை மூன்றாகப் பிரிக்கலாம். நானும் பக்கத்து வீட்டு அக்காவும் அப்படித்தான் செய்தோம்.

தள்ளுபடிப் பொருளில் தேதியைப் படியுங்கள். ‘இந்த நாளுக்குள் பயன்படுத்தவும்’ என்றிருந்தால் அது உயிர்ப் பாதுகாப்புக்கான தேதி, தாண்டக் கூடாது. ‘இந்த நாளுக்கு முன் பயன்படுத்தினால் நல்லது’ என்றிருந்தால் அது சுவைக்கான தேதி. பிஸ்கட்டும் மாவும் சில நாள் தாண்டியிருந்தால் முகர்ந்து பார்த்து வாங்கலாம்.

கேள்வி: அம்மா, இதை யாரிடமும் சொன்னதில்லை. மூன்று மாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கிறேன். மூத்தவனுக்கு ஆறு வயது. எல்லோருக்கும் பரிமாறிவிட்டு மிஞ்சியதைத்தான் சாப்பிடுகிறேன். பல இரவு எதுவும் மிஞ்சுவதில்லை. ‘எனக்குப் பசியில்லை’ என்று சொல்லிவிடுகிறேன். பால் போதவில்லையோ என்று பயம். பால் பவுடரில் தண்ணீர் கொஞ்சம் கூட ஊற்றிக் கலக்கலாமா?

பதில்: மகளே, கூடவே கூடாது. டப்பாவில் சொன்ன அளவுக்கு மேல் தண்ணீர் ஊற்றினால் குழந்தைக்குச் சத்து போய்ச் சேராது. உடம்பில் உப்பின் அளவு குலைந்து வலிப்புகூட வரலாம். அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடுங்கள். குழந்தையை மருத்துவமனைக்கோ அருகிலுள்ள செவிலியரிடமோ கொண்டுபோய் எடை பார்க்கச் சொல்லுங்கள். பால் போதுகிறதா என்பதை எடைதான் சொல்லும். குழந்தை அடிக்கடி சிறுநீர் கழிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதுதான் உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. நீங்கள் சாப்பிட்டால் அது உங்களால் முடியும்.

பால் கொடுக்கும் தாய்க்கு நாளொன்றுக்கு வழக்கத்தைவிடச் சுமார் 500 கலோரி கூடுதலாக வேண்டும். வீட்டில் அதிகம் சாப்பிட வேண்டியவரே நீங்கள்தான். உங்களுடைய வீட்டுத் திட்டத்தில் இரண்டு வாய்க்குச் சாமான் வாங்கி நான்கு பேர் பிழைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்கள் பங்கு பட்டியலிலேயே இல்லை. அடுத்த முறை அளக்கும்போது உங்கள் பங்கை முதலில் அளந்து தனியே கொட்டுங்கள். சமைத்து முடிந்ததும், யாரும் உட்காருவதற்கு முன், எல்லாத் தட்டுகளையும் வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் பரிமாறுங்கள். உங்கள் தட்டும் அந்த வரிசையில் இருக்கட்டும். எல்லோருக்கும் சற்றுக் குறைந்தால் அது எல்லோருக்கும் தெரியட்டும். பானையில் மிஞ்சுவதை நம்பி ஒருவர் காத்திருக்கும் வீட்டில், உண்மையில் எவ்வளவு குறைகிறது என்பது மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாது.

நானும் ‘பசியில்லை’ என்றுதான் சொன்னேன். ஐந்தாவது மாதம் வேலையிடத்தில் மயங்கி விழுந்தேன். ரத்தத்தில் இரும்புச்சத்து அடிமட்டத்தில் இருந்தது. 200 நோயாளிகளுக்கு அளந்து போட்டவள், தனக்கு அளக்கவில்லை. அதைவிட வலித்தது வேறொன்று. அந்த நாட்களில் என் மூத்த மகன் பள்ளி விட்டு வந்ததும் ‘சிநேகிதன் வீட்டில் சாப்பிட்டுவிட்டேன்’ என்று சொல்வான். நான் நம்பினேன். பல ஆண்டு கழித்துத்தான் சொன்னான், ஒரு நாளும் அப்படிச் சாப்பிடவில்லை என்று. அந்தப் பொய்யை அவன் என்னிடமிருந்துதான் கற்றிருந்தான். உங்கள் ஆறு வயது மகன் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறான், மகளே.

திட்டமிட்டும் போதவில்லை என்றால் அது பணத்தின் குறை, உங்கள் குறை அல்ல. இல்லாத பணத்தைத் திட்டத்தால் உண்டாக்க முடியாது. கணவரிடம் எண்ணிக்கையோடு சொல்லுங்கள்: ‘இத்தனை கிலோ வேண்டும், இத்தனைதான் வாங்க முடிகிறது.’ பள்ளியில் உணவு தருகிறார்கள் என்றால் மூத்தவன் அங்கே சாப்பிடட்டும். தாய்மாருக்குச் சத்துணவு தரும் ஏற்பாடு உங்கள் பகுதியில் இருந்தால் பெயர் எழுதிக் கொடுங்கள். வழிபாட்டு இடமோ தொண்டு அமைப்போ சோறு போடுகிறதென்றால் போய் உட்காருங்கள். உங்களைப் போன்றவர்களுக்காக வைத்த இலைதான் அது. அடுத்த மாதம் எனக்கு மறுபடி எழுதுங்கள். குழந்தையின் எடையையும் எழுதுங்கள்.

கேள்வி: பிள்ளைகள் தின்பண்டம் கேட்கிறார்கள். இந்த நிலையில் அதற்குக் காசு செலவழிப்பது தப்பில்லையா?

பதில்: தப்பில்லை. பட்டியலில் அதற்கென ஒரு வரி எழுதுங்கள், சிறியதாக இருந்தாலும். எழுதாத ஆசை, கடையில் நிற்கும்போது இரண்டு மடங்காக வெளியே வரும். எங்கள் வீட்டில் சனிக்கிழமை மாலை வெல்லம் போட்ட ஏதாவது ஒன்று உண்டு. பிள்ளைகள் மற்ற ஆறு நாளும் கேட்காமல் இருந்தது அந்தச் சனிக்கிழமையை நம்பித்தான்.

கேள்வி: நான் பதினோராம் வகுப்புப் படிக்கிறேன். அம்மா இரவு வேலைக்குப் போகிறார். தம்பிக்கும் எனக்கும் நான்தான் சமைக்கிறேன். அம்மா கொடுக்கும் பணத்தில் வாரம் முழுக்க ஓட்ட வேண்டும். முதலில் எதைக் கற்றுக்கொள்வது?

பதில்: கண்ணே, இரண்டே சமையல் கற்றுக்கொள். ஒன்று, சோறும் பருப்பும். இரண்டு, ஒரே பாத்திரத்தில் காயும் தானியமும் சேர்த்து வேகவைப்பது. இந்த இரண்டையும் காயை மாற்றி மாற்றிப் போட்டே ஒரு வாரத்தை ஓட்டிவிடலாம். பலவகைச் சமையல் படிப்புக்குப் பிறகு வரட்டும். காய்களில் சீக்கிரம் வாடுவதை முதலில் எடுத்துவிடு: கீரை முதல் நாள், தக்காளி இரண்டாம் மூன்றாம் நாள், முட்டைக்கோஸும் கேரட்டும் வாரக் கடைசிக்கு. உருளைக்கிழங்கை இருட்டில் வை, வெளிச்சம் பட்டால் பச்சையாகி நஞ்சு சேரும். வெங்காயத்தோடு ஒரே கூடையில் போடாதே, இரண்டும் சீக்கிரம் கெடும்.

தேர்வு நாட்களுக்கு முந்தைய வாரமே பயறை வேகவைத்து, உங்கள் வீட்டில் ஃபிரீஸர் இருந்தால் ஒரு வேளைக்கு ஒரு டப்பாவாக உறையவைத்துவிடு. அம்மா திரும்பும் நேரத்துக்கு அவருக்கும் ஒரு பங்கு மூடி வைக்கிறாய் என்று நினைக்கிறேன். வைக்கவில்லையென்றால் இன்றிலிருந்து வை, சூடு ஆறியதும் ஃபிரிட்ஜுக்குள்.

இன்று இரவு செய்ய வேண்டியது ஒன்று மட்டும். அரிசி அளக்கும் டம்ளரைத் தேடி எடு. நாளைக்கு எத்தனை டம்ளர் போட்டாய், எவ்வளவு மிஞ்சியது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுது. ஏழு நாள் எழுதிவிட்டு அந்தப் பக்கத்தை அம்மாவிடம் காட்டு.